உண்பது நாழி, கட்டுவது மேல்மாடி

எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பம் எப்படி இருக்கிறது என்று விசாரித்தால் யாரும் சம்பளத்தைச் சொல்ல மாட்டார்கள். "மூத்தவளுக்கு வீடு முடிஞ்சுது, நடுவிலாளுக்கு அத்திவாரம் போட்டுக் கிடக்கு" என்பார்கள். கேட்டவருக்கு அது போதும். பெண்பிள்ளைகள் எத்தனை, தகப்பன் உள்ளூரிலா வெளிநாட்டிலா, கடன் எந்த மட்டில், அடுத்த கல்யாணம் எந்த வருஷம் எல்லாம் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

இலங்கையின் கிழக்கில், மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் கல்யாணம் முடித்த ஆண், பெண்ணின் வீட்டுக்குப் போவதுதான் வழக்கம். தமிழர், முஸ்லிம்கள் இரண்டு பக்கத்திலும் இதுவே நடைமுறை. குடி என்கிற வம்சப் பிரிவு தாய்வழியில் வருகிறது, வீடும் தாயிடமிருந்து மகளுக்கு வருகிறது. தாய் தகப்பன் பெரும்பாலும் இருந்த வீட்டை மகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு அதே வளவில் ஒரு பத்தி (சாய்ப்பு) இறக்கிக்கொண்டு இருப்பார்கள். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டு, பெண்களுக்கு எவ்வளவு நல்ல வழக்கம் என்று வியப்பார்கள். நல்லதுதான். ஆனால் அந்த வீட்டைக் கட்டி முடிக்கிற மனுஷனை ஒருத்தரும் விசாரிப்பதில்லை.

எங்கள் அப்பாவுக்கு மூன்று பெண்பிள்ளைகள். நான் நடுவிலாள்.

இதையெல்லாம் சொல்லத் தொடங்கியது புறநானூற்றில் ஒரு பாட்டைப் பற்றிப் பேசத்தான். பள்ளிக்கூடத்தில் படித்த எத்தனையோ பாட்டு பரீட்சையோடு போய்விட்டது. இந்த ஒன்று மட்டும் போகவில்லை. அது வந்து விழுந்த இடம் எப்படிப்பட்ட வீடு என்று தெரியாவிட்டால், ஏன் போகவில்லை என்பதும் விளங்காது.

எங்கள் பெரியகல்லாறு ஒடுக்கமான ஊர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே மட்டக்களப்பு கல்முனை வீதி. 2004 மார்கழி (டிசம்பர்) 26 ஞாயிறு காலை கடல் வந்தபோது எனக்குப் பத்து வயது. அம்மம்மாவின் வீடு கடலுக்குக் கிட்ட இருந்தது. அன்று பின்னேரம் போய்ப் பார்த்தபோது அத்திவாரமும் கிணற்றுக் கட்டும்தான் மிச்சம். அடுத்த வருஷம், கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்று அறிவித்தார்கள். பிறகு அது தளர்ந்தது. அதற்குள் அம்மம்மா எங்களோடு வந்துவிட்டா.

அந்த நாட்களில் ஏறின மேடையெல்லாம், சுனாமி மனிதனுக்குப் பற்றின்மையைப் படிப்பித்துவிட்டது என்று பேசினார்கள். நான் பார்த்த அளவில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் தெருவில் ஒருத்தரும் துறவியாகவில்லை. மேல்மாடி கட்டினார்கள். கடல் திரும்ப வந்தால் ஏறி நிற்க ஒரு பிளேட், கொங்கிறீற் தட்டு, வேணும் என்பது நியாயமான ஆசை. ஏறி நிற்பதற்கு என்று தொடங்கியது கைபிடிச் சுவராகி, கண்ணாடி யன்னலாகி, பக்கத்து வீட்டை விட ஒரு அடி உயரமாகி, எங்கேயோ போய் நின்றது. பயத்தில் கட்டியது எது, பகட்டுக்குக் கட்டியது எது என்று கட்டினவருக்கே பிரித்துச் சொல்ல முடியாது.

நிவாரணத்துக்கு வந்த உடுப்புகளும் ஞாபகம் இருக்கிறது. முகாமுக்கு வெளியே வீதியோரத்தில் குவியலாகக் கிடந்தன. கம்பளிக் குல்லா, முழங்கால் வரைக்கும் வருகிற குளிர்ச் சட்டை, ஒரு கால் சப்பாத்து. எங்கள் ஊர் வெயிலில் அதை என்ன செய்வது? ஆடுகள் அதன் மேல் படுத்துக் கிடந்தன. அனுப்பினவர்கள் நல்ல மனதோடுதான் அனுப்பியிருப்பார்கள். வேண்டியது கிடைக்காமலும் வேண்டாதது மலைபோலக் குவிந்தும் இருந்த காலம் அது. அம்மா ஒரு மாற்றுச் சேலைக்குத்தான் அலைந்தா.

அப்பா மேசன். 2006இல் கட்டாருக்குப் போனார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். வரும்போது பெட்டி கட்டி வருவார். புலிப் படம் போட்ட தடித்த போர்வை ஒன்று கொண்டுவந்தார், வளைகுடாவில் இருந்து வந்த எல்லா வீட்டிலும் அந்தப் புலி இருக்கும். மட்டக்களப்பில் அதைப் போர்த்திக்கொண்டு படுத்தால் ஆள் அவிந்துபோவான். அது சிப் பூட்டின பையோடு அலுமாரிக்கு மேலே ஏறியது, இன்று வரைக்கும் இறங்கவில்லை. அதோடு தங்க விளிம்பு வைத்த தேநீர்க் கோப்பை செற் ஒன்று. அதற்காகவே அம்மா ஒரு சோகேஸ் செய்வித்தா.

அந்த சோகேஸை நான் சொல்லியே ஆக வேண்டும். முதிரை மரம், மூன்று தட்டு, இழுக்கிற கண்ணாடி, அதற்கொரு பூட்டு. மேல் தட்டில் கோப்பை செற், அடியில் ஒட்டியிருந்த கடைச் சீட்டைக்கூட உரிக்கவில்லை. நடுத்தட்டில் அக்காவின் சாமத்தியச் சடங்குக்கு வந்த கிளாஸ் செற்றுகள், மூன்றும் ஒரே மாதிரி, யார் யார் தந்தது என்று பெட்டிக்குள் துண்டு எழுதி வைத்திருந்தது. கீழ்த்தட்டில் பிளாஸ்ரிக் ரோசாப்பூ. திறப்பு அம்மாவின் முந்தானையில். நாங்கள் தேநீர் குடித்தது கைபிடி உடைந்த இரண்டு கப்பிலும் ஒரு சில்வர் பேணியிலும். ஹோலில் புதுச் செற்றி வந்தது, அதன் பொலித்தீனைக் கழற்றவில்லை. வெயில் நேரத்தில் அதில் இருந்து எழும்பினால் தொடை ஒட்டிக்கொண்டு சத்தம் போடும். ஆகவே எல்லோரும் நிலத்தில்தான் இருந்தோம். மாபிள் குளிராக இருக்கும்.

இதுதான் நாங்கள் வசதியாக இருந்த காலம். நான் அப்படித்தான் நம்பினேன். சினேகிதிகள் வீட்டுக்கு வந்தால் முதலில் சோகேஸைக் காட்டுவேன்.

தரம் 10இல் தமிழ் படிப்பித்த சேர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பாடம் நடத்துகிறவர். ஒருநாள் வந்து பேசாமல் கரும்பலகையில் எட்டு வரி எழுதினார். தெளிந்த கடல் சூழ்ந்த உலகத்தை, வேறு யாருக்கும் பங்கில்லாமல் ஒரே வெண்குடையின் கீழ் ஆளுகிற அரசன் ஒருவன். நடுச் சாமத்திலும் பகலிலும் கண் மூடாமல், ஓடுகிற விலங்குக்காகக் காத்திருக்கிற படிப்பறிவில்லாத வேட்டைக்காரன் இன்னொருவன். இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் புலவர் கணக்குப் பார்க்கிறார்:

உண்பது நாழி; உடுப்பவை இரண்டே;
பிறவும் எல்லாம் ஓரொக் குமே;
செல்வத்துப் பயனே ஈதல்;
துய்ப்பேம் எனினே, தப்புந பலவே.

செல்வத்தின் பயன் கொடுப்பது, நாமே அனுபவிப்போம் என்று இருந்தால் தவறிப்போவது பல என்பது கடைசி இரண்டு வரி. பாடியவர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். கணக்காயர் என்றால் பாடம் சொல்லிக்கொடுப்பவர். "வாத்தியார்ட மகன் எழுதின பாட்டு, அதுதான் இவ்வளவு கட்டுச்செட்டா இருக்கு" என்று சேர் சிரித்தார். நாழி எவ்வளவு என்று யாரோ கேட்டோம். எட்டு நாழி ஒரு குறுணி, நாழிக்குக் கீழே உரி, உழக்கு, ஆழாக்கு என்று பழைய வாய்ப்பாட்டைச் சொன்னார். சுண்டால் அரிசி அளக்கிற எங்களுக்கு அது ஏறவில்லை. "சரி விடுங்க, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு வயிறு கேக்கிற அளவு" என்றார். உடுப்பவை இரண்டு என்பதற்கு இடுப்பில் ஒன்று, மேலில் ஒன்று. மருதமுனைத் தறியில் நெய்த சாரமும் ஒரு சால்வையும் என்று வைத்துக்கொள்ளச் சொன்னார்.

வகுப்பில் படுவான்கரைப் பிள்ளைகள் சிலர் இருந்தார்கள். மண்டூர்ப் பக்கத்திலிருந்து குருமண்வெளித் துறைக்குப் பாதையில் வாவியைக் கடந்து வருகிறவர்கள். பாதை என்பது எங்கள் ஊரில் ஆளையும் சைக்கிளையும் ஏற்றுகிற தட்டைப் படகு. அதில் ஒருவன் எழும்பி, "சேர், நடுச்சாமத்திலயும் நித்திரை கொள்ளாம மிருகம் பாக்கிறது எங்கட அப்பாதான் சேர்" என்றான். வெள்ளாமை விளைகிற காலத்தில் யானைக்கும் பன்றிக்கும் காவல் இருக்கப் பரணில் படுக்கிறவர். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. சேரும் சிரிக்கவில்லை.

அடுத்து நான் எழும்பினேன். எனக்கு ஒரு சந்தேகம் உண்மையாகவே இருந்தது. "சேர், உண்பது சொல்லியிருக்கு, உடுப்பது சொல்லியிருக்கு. வீடு?"

மட்டக்களப்புப் பெண்பிள்ளை வேறு எதைக் கேட்பாள்? சேர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "பிறவும் எல்லாம் எண்டு புலவர் எழுதினது, உன்னைப் போல ஒருத்தி எழும்பிக் கேப்பாள் எண்டுதான் புள்ள" என்றார். பிறகு கேட்டார், "ராசா படுக்கிறதுக்கு எத்தனை முழம் வேணும்?"

அதோடு பாடம் அழகாக முடிந்திருக்கும். பின் வாங்கில் இருந்த ஒருத்தி விடவில்லை. அவளுடைய அம்மா விடியற்காலையில் இடியப்பம் அவித்து வீடு வீடாகக் கொடுப்பவ. "எங்கட வீட்டில நாழி ஒருநாளும் இருக்கிறதில்ல சேர். ராசாவுக்கும் வேடனுக்கும் ஒண்டு எண்டு இவர் எப்பிடிச் சொல்லுவார்?" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். சேர் பதில் சொல்லவில்லை. மணி அடித்தது.

அவர் நல்ல வாத்தியார் என்று நான் முடிவுகட்டியது அடுத்த நாள். அதே புறநானூற்றிலிருந்து 164ஆம் பாட்டைக் கொண்டுவந்தார். பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் போய்த் தன் வீட்டைப் பற்றிச் சொல்வது. சமைத்து நாளாகி, அடுப்பில் காளான் பூத்துக் கிடக்கிறது. பால் வற்றிய மார்பைச் சுவைத்துப் பார்த்துக் குழந்தை அழுகிறது, தாய் குழந்தையின் முகத்தைப் பார்க்கிறாள். அதைப் பார்க்க முடியாமல்தான் உன்னிடம் வந்தேன் என்கிறார் புலவர். சேர் அவளைப் பார்த்தே வாசித்தார். "நேற்று நீ கேட்டதுக்கு அந்தக் காலத்திலயே பாட்டு இருக்கு. நாழி இல்லாதவனும் இந்தப் புத்தகத்துக்குள்ளதான் இருக்கிறான். அவனிட்டப் போய் ஒருத்தரும் திருப்தியா இரு எண்டு சொல்லயில்ல."

இந்த இரண்டு பாட்டையும் சேர்த்து வாசித்ததால்தான் முதல் பாட்டு எனக்குக் கெடாமல் இருந்தது என்று நினைக்கிறேன். ஏனென்றால் அந்த நாலு வரியை மேடையில் சொல்கிறவர்கள் பெரும்பாலும் போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து என்ற பழமொழியோடு சேர்த்து அரைத்துவிடுவார்கள். குளிரூட்டின வாகனத்தில் வந்து இறங்கி, தகரக் கொட்டிலில் இருக்கிறவர்களுக்கு எளிமையைப் பற்றிச் சொல்லுவார்கள். நக்கீரனார் அப்படி யாரையும் பார்த்துப் பாடவில்லை. ஒரு நாழியைக் குறைத்துச் சாப்பிடு என்று ஒரு இடத்திலும் இல்லை. வெண்குடைக்குக் கீழே இருக்கிறவனிடம்தான் அவர் கணக்குக் கேட்கிறார்: உன் வயிறும் ஒரு நாழிதான் கொள்ளும், மிச்சத்தை என்ன செய்கிறாய்? கையில் மிச்சம் உள்ளவனுக்கான பாட்டு அது. நான் அதை வாசித்த வீட்டில் மிச்சம் இருந்தது, சோகேஸுக்குள் பூட்டி.

சேர் வீட்டுப்பாடம் ஒன்று தந்திருந்தார். வீட்டில் உள்ள ஒரு பொருளை எடுத்து, இந்த மாதம் அது யாருக்கு உதவியது, அது வர யார் பாடுபட்டது என்று எழுத வேண்டும். அம்மி, சைக்கிள், தண்ணீர் மோட்டர் என்று எல்லோரும் நல்ல பொருளாகத் தெரிந்தெடுத்தார்கள். நான் கோப்பை செற்றை எழுதத் தொடங்கினேன். யாருக்கு உதவியது என்ற இடத்தில் எழுத ஒன்றும் இல்லை. அதைப் பகிடியாக எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன். இரண்டாவது கேள்விக்கு அப்பா என்று எழுதிவிட்டு, அப்பாவைப் பற்றி இரண்டு வரி சேர்க்க அல்பத்தை எடுத்தேன்.

கட்டாரிலிருந்து அவர் அனுப்பிய படம் ஒன்று அதில் இருந்தது. எத்தனையோ தரம் பார்த்த படம். இரண்டு தட்டு இரும்புக் கட்டிலின் கீழ்த்தட்டில் குனிந்து உட்கார்ந்திருக்கிறார், நிமிர்ந்தால் மேல்தட்டு தலையில் இடிக்கும். பின்னால் இன்னும் இரண்டு கட்டில், அதில் படுத்திருக்கிறவர்களின் கால்கள் தெரிகின்றன. கட்டில் கம்பியில் கட்டின கொடியில் நீல நிற வேலை உடுப்பு ஒன்று காய்கிறது, இன்னொன்று அவர் உடம்பில். பக்கத்தில் ஒரு சட்டி, ஒரு பீங்கான். பகல் வேலை முடிந்த பிறகு இரவில் வேறு இடத்தில் மாபிள் பதிக்கப் போவார் என்று அம்மா சொல்லியிருக்கிறா.

உடுப்பவை இரண்டே. நடுநாள் யாமத்தும் பகலும் துஞ்சான்.

புலவர் சொன்ன இரண்டு பேரையும் நான் அதுவரை வேறு வேறு ஊரில் வைத்திருந்தேன். இரண்டு பேரும் எங்கள் குடும்பத்துக்குள்ளேயே இருந்தார்கள். குடை நிழல் எங்களுக்கு. கண் மூடாமல் விழித்திருப்பது அப்பாவுக்கு. அதிலும் பாருங்கள், அவர் அங்கே இரவில் மாபிள் பதித்த காசில் இங்கே பதித்த மாபிளில் அவர் காலாற நடந்தது லீவில் வந்த சில கிழமைகள் மட்டும்தான். துய்ப்போம் என்று நாங்களும் துய்க்கவில்லை, செற்றியில் பொலித்தீன் போட்டு வைத்திருந்தோம். அவரும் துய்க்கவில்லை. அப்புறம் யாருக்காக அந்த வசதி வீட்டுக்குள் வந்து நின்றது?

பதினைந்து வயதில் இப்படி ஒரு கேள்வி வந்தால் அடுத்து சண்டைதான் வரும். நான் திறப்பை எடுத்து சோகேஸைத் திறந்து தங்க விளிம்புக் கோப்பையில் தேநீர் ஊற்றிக் குடித்தேன். அம்மா கண்டுவிட்டா. "வாற ஆக்களுக்கு வைச்சதெல்லோ?" என்றா. யார் வாறாங்க என்றேன். "உன்னைப் பாக்க வருவாங்க, அப்ப தெரியும்" என்றா. நான் நக்கீரனாரைச் சொன்னேன். அம்மா அசையவில்லை. பிறகு, சேர் அடிக்கடி சொல்கிற விபுலானந்த அடிகளாரை இழுத்தேன். 1892இல் காரைதீவில் பிறந்து, விஞ்ஞானம் படித்து, மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்த மனுஷன், எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1924இல் துறவியாகவில்லையா என்று கேட்டேன்.

"அடிகளாருக்கு மூண்டு பொம்புளப் புள்ள இருந்ததாகா?"

அதற்கு நான் இன்று வரைக்கும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். எளிமையைப் பற்றி எழுதினவர்களில் பலர் ஆண்கள், அதிலும் சீதன வீடு கட்ட வேண்டியில்லாத ஆண்கள். அம்மாவின் சோகேஸ் பகட்டு மாதிரித் தெரியும். உண்மையில் அது ஒரு வகைக் காப்புறுதி. பெண் பார்க்க வருகிறவன் ஹோலில் இருந்து சுற்றிப் பார்க்கும்போது அவன் கண்ணில் படுவதற்காக வைத்தது. அந்தப் பார்வையை மாற்றாமல் அம்மாவைப் பார்த்துச் சிரிப்பது சுலபம்.

இன்னொன்றும் இருந்தது. அதை நான் அப்போது கணக்கில் எடுக்கவில்லை. குசினியில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு பழைய பால்மாப் பேணி இருக்கும். உலைக்கு அளந்த அரிசியில் ஒரு பிடியை எடுத்து அம்மா அதில் போடுவா. பிடியரிசி. அம்மம்மாவும் அப்படித்தான் செய்தாவாம். பேணி நிறைந்தால் கோயில் அன்னதானத்துக்குப் போகும், அல்லது ஒருத்தருக்கும் தெரியாமல் பின் வேலியால் யாருடைய வீட்டுக்காவது போகும். இடியப்பக்காரம்மாவின் வீட்டுக்கும் போயிருக்கிறது என்று வெகு காலம் கழித்து அந்தச் சினேகிதியே சொன்னாள். ஹோலில் பூட்டி வைக்கிற அதே கைதான் குசினியில் அள்ளிக் கொடுத்தது. ஈதல் என்று எழுதி வகுப்பில் புள்ளி வாங்கினது நான்.

நான் இப்போது வேலைக்காக வீடு வீடாகப் போகிறவள். அரச உத்தியோகம், கையில் எப்போதும் ஒரு படிவம் இருக்கும். 2022இல் அந்தப் படிவங்களோடு அலைந்த மாதங்களில் இந்தப் பாட்டு திரும்ப வந்தது, வேறு முகத்தோடு. அதற்கு முந்தின வருஷம் இரசாயன உரத்தைத் தடைசெய்ததால் பெரும்போக வெள்ளாமை பல இடங்களில் கைவிட்டிருந்தது. நெல் விளைகிற மாவட்டத்திலேயே அரிசி வாங்க யோசிக்க வேண்டியிருந்தது. பங்குனி (மார்ச்) கடைசியில் மின்சாரம் நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் போனது. புரட்டாதியில் (செப்டம்பர்) உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம் என்று பத்திரிகையில் வந்தது. கடைக்குப் போய் வந்தவருக்குப் பத்திரிகை தேவைப்படவில்லை.

ஒரு வீட்டுக்குப் போனேன். மேல்மாடி வீடு, மாபிள் நிலம், கூடத்தில் கண்ணாடி அலுமாரி. புருஷன் வெளிநாட்டில் வேலை இழந்து, வந்து சேரவும் வழியில்லாமல் இருந்தார். நகையெல்லாம் அடகில். நுண்கடன்காரர்கள் கிழமைக்கு ஒரு தரம் வாசலுக்கு வந்தார்கள். அந்தப் பெண் என்னைச் செற்றியில் இருக்கச் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனா, தேநீர் கொண்டுவர. வெகு நேரம் ஆனது. நான் எழும்பிப் போய்ப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்குச் சீனி வாங்கப் பிள்ளையை அனுப்பிவிட்டு நின்றா. காஸ் இல்லை, மூன்று கல்லு வைத்து எரித்த அடுப்பு. அடுப்பில் ஒரு பானை, அதில் மத்தியானமும் இரவும் சேர்த்து ஒரே தரம் சமைத்த கஞ்சி. எங்கள் படிவத்தில் வீட்டுச் சுவர் என்ன, கூரை என்ன, நிலம் என்ன என்று கேள்வி இருந்தது. அடுப்பைப் பற்றிக் கேள்வி இல்லை. நான் உண்மையைத்தான் நிரப்பினேன்: சுவர் கல், நிலம் மாபிள், மாடி ஒன்று. உதவிப் பட்டியலில் அவவின் பெயர் வரவில்லை.

நக்கீரனார் கணக்கு எடுத்திருந்தால் அந்த வீட்டுக்குள் நுழைந்து முதலில் பானையைப் பார்த்திருப்பார். நாழி இருக்கிறதா, உடுக்க இரண்டு இருக்கிறதா, அப்புறம் மற்றது. நாங்கள் தலைகீழாகக் கணக்கெடுக்கிறோம். அரசாங்கம் மட்டும் இல்லை. ஊரும் அப்படித்தான், மாப்பிள்ளை வீட்டாரும் அப்படித்தான். வெளியே தெரிகிறதை எண்ணுகிறோம், ஆகவே வெளியே தெரிகிறதைக் கட்டுகிறோம். அந்தப் பெண்ணும் புருஷனும் விழித்திருந்து உழைத்த வருஷங்கள் எல்லாம் மாபிளாகிவிட்டன. மாபிளை உலையில் போட முடியாது.

முன்பு அந்தப் பாட்டு எனக்கு மேல் எல்லையைக் காட்டியது: இதற்கு மேல் போனால் உனக்கில்லை. 2022இல் கீழ் எல்லையும் அதே வரியில் இருப்பதைப் பார்த்தேன். அரசனும் வேடனும் உண்பது ஒரு நாழி என்றால், வேடனுக்கும் அந்த ஒரு நாழி இருந்தே ஆக வேண்டும். அது இல்லாத இடத்தில் பாட்டு பொய்யாகிவிடும். பின் வாங்கில் இருந்தவள் பதினைந்து வயதிலேயே கண்டுபிடித்தது இதைத்தான். சந்தர்ப்பம் வரும்போது ஒருநாள் அவளிடம் சொன்னேன். "நான் பாட்டை யோசிச்சுக் கேக்கல்லகா, எனக்குப் பசி" என்றாள்.

அப்பா வந்துவிட்டார். முழங்கால் போய்விட்டது, இனி வெளிநாடு இல்லை. அக்காவுக்கு வீடு, தங்கச்சிக்கு வீடு, எனக்கும் வீடு முடிகிற கட்டத்தில் இருக்கிறது. நான் அடம்பிடித்துச் சின்னதாகக் கட்டச் சொன்னேன்: இரண்டு அறை, ஒரு குசினி, ஆள் இருக்கிற அளவுக்கு ஒரு விறாந்தை. சோகேஸ் வைக்கச் சுவரில் இடம் விடவில்லை. அவருக்கு அது குறை. மேசன் தன் மகளுக்கு மேல்மாடி இல்லாத வீடு கட்டினால் ஊர் என்ன சொல்லும்? சுனாமியை ஞாபகப்படுத்தினார். நாங்கள் இருப்பது இப்போது வாவிப் பக்கம், கடல் அவ்வளவு தூரம் வராது என்றேன். வாவியும் தண்ணிதானே என்றார்.

கடைசியில் பிளேட் மட்டும் போடுவது என்று உடன்பட்டோம். மாடி இல்லை, ஏறுவதற்குப் படிக்கட்டு உண்டு. பிளேட் போட்ட அன்று மேலே ஏறிப் பார்க்கிறேன், நாலு மூலையிலும் தூண் கம்பி ஆள் உயரத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்கிறது.

"என்னப்பா இது?"

"கிடக்கட்டும் மகள். பிறகு உனக்கும் ஒரு பொம்புளப் புள்ள பிறந்தா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே தொடர்ந்தார். கம்பி துருப்பிடிக்காமல் இருக்க வருஷத்துக்கு ஒரு தரம் சீமெந்துப் பால் பூச வேணுமாம், மறந்துபோகக் கூடாதாம்.